எடைப்பாலத் திரை ஏன் உறைகிறது? ஒரு தனி மேகத்தின் உள்வேலை

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வாசலில் எடைப்பாலம், உள்ளே கணக்கு, சம்பளப் பட்டியல், கேமராப் பதிவு. முன்பு ஒவ்வொன்றுக்கும் தனிக் கணினி இருந்தது. இப்போது எல்லாம் ஒரே சர்வருக்குள் ஐந்தாறு மெய்நிகர் கணினிகளாக, அதாவது மென்பொருளால் பிரித்த தனித்தனிக் கணினிகளாக ஓடுகின்றன. இதுதான் ஆலையின் சொந்தத் 'தனி மேகம்'; பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஹைப்பர்வைசர். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். ஆகவே எடைப்பாலத் திரை அரை மணி நேரம் உறைந்தால் லாரி வரிசை சாலைக்கு வந்துவிடும். உடனே எல்லாரும் சொல்வது, 'சர்வர் பத்தவில்லை'. பெரும்பாலும் சர்வர் தாராளமாகவே இருக்கும். பங்கு பிரித்ததும் பாதை போட்டதும்தான் கோளாறு.

கேமராவும் எடைச்சீட்டும் ஒரே வட்டில்

16 கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 4 மெகாபிட் என்றால் மொத்தம் 64 மெகாபிட், அதாவது நொடிக்கு 8 மெகாபைட். ஒரு நாளைக்கு 691 ஜிபி. 30 நாள் வைத்திருந்தால் 20 டெராபைட்டைத் தாண்டும். நெட்வொர்க்குக்கு இது தூசு. வட்டுக்கு அப்படியல்ல, ஏனென்றால் இந்த எழுத்து இரவும் பகலும் நிற்பதே இல்லை.

எடைச்சீட்டு எழுதும் தரவுத்தளமோ ஒவ்வொரு பதிவுக்கும் 'வட்டில் எழுதியாகிவிட்டது' என்ற உறுதி வரும்வரை காத்திருக்கும். இரண்டும் ஒரே வட்டுத் தொகுதியில் இருந்தால், சில கிலோபைட் எடைச்சீட்டு கேமராப் படங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். சிபியு 15 விழுக்காடு, நினைவகம் பாதி என்று காட்டும். திரை மட்டும் உறையும். கேமராப் பதிவுக்குத் தனி வட்டுகள் போடுவதே சரியான தீர்வு. அதற்குக் காசு இல்லையென்றால் அந்த மெய்நிகர் வட்டுக்கு எழுதும் வேக வரம்பு போடலாம். புரோக்ஸ்மோக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் வட்டு அமைப்பிலேயே அதற்கான கட்டம் இருக்கிறது. ஆனால் வரம்பை 8 மெகாபைட்டுக்கு ஒட்டி வைத்தால் படங்கள் விட்டுப்போகும். 15 வரை விடுங்கள்.

வட்டில் இன்னொரு பொறி, மெலிந்த ஒதுக்கீடு. 500 ஜிபி வட்டு என்று அறிவித்தாலும் எழுதிய அளவுக்குத்தான் இடம் பிடிக்கும். எல்லா மெய்நிகர் கணினிகளும் அறிவித்த இடத்தைக் கேட்கும் நாளில் கிடங்கு நிறைந்துவிடும். எழுத முனைபவை எல்லாம் அங்கேயே நிற்கும். ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்த நேர நிலையின் பதிவு) எடுத்துவிட்டு அழிக்க மறப்பதுதான் வழக்கமான காரணம். 'டிஸ்கார்ட்' தேர்வைப் போடாவிட்டால், உள்ளே அழித்த கோப்பின் இடமும் கிடங்குக்குத் திரும்பாது. 80 விழுக்காட்டில் எச்சரிக்கை வைத்துவிடுங்கள்.

அதிகம் கொடுத்தால் மெதுவாகும்

புரோக்ஸ்மோக்ஸில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் கேவிஎம் 2007 முதல் லினக்ஸ் கருவிலேயே இருக்கிறது. அதில் ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவும் ஒரு சாதாரண லினக்ஸ் இழைதான் (நிரலின் ஓர் ஓட்டம்). 16 கோர் உள்ள சர்வரில் ஒவ்வொரு கணினிக்கும் எட்டெட்டாகக் கொடுத்தால் இழைகள் முறை வைத்துத்தான் ஓடும். ஓர் இழை உள்ளே ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் நேரத்தில் அதன் முறை முடிந்துவிட்டால், மற்ற இழைகள் பூட்டு திறக்குமா என்று சுழன்றுகொண்டே தங்கள் முறையையும் வீணாக்கும். லயத்துக் குழாயடியில் வாளியை வைத்துவிட்டு ஆள் போய்விட்டால் பின்னால் நிற்பவர்களுக்கு ஆகும் கதைதான்.

லினக்ஸ் கணினிக்குள் 'டாப்' கட்டளை கொடுத்து 'எஸ்டி' எண்ணைப் பாருங்கள். சிபியு வேண்டியிருந்தும் கிடைக்காமல் போன நேரம் அது. தொடர்ந்து 10 விழுக்காட்டைத் தாண்டினால் கொடுத்த எண்ணிக்கையைக் குறையுங்கள். எடைப்பாலத்துக்கு 2 சிபியு, 4 ஜிபி நினைவகம் தாராளம்.

நினைவகத்தைச் சிபியுபோல் முறை வைத்துப் பகிர முடியாது. 64 ஜிபி சர்வரில் ஹைப்பர்வைசருக்கு 6 ஜிபியாவது ஒதுக்குங்கள். இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை போட்டிருந்தால் அதன் தற்காலிகச் சேமிப்பையும் கணக்கில் சேருங்கள். பழைய புரோக்ஸ்மோக்ஸில் அது பாதி நினைவகம்வரை எடுத்துக்கொள்ளும். பதிப்பு 8.1 முதல் புதிய நிறுவல்களில் 10 விழுக்காடு, அதிகபட்சம் 16 ஜிபி. கணக்குத் தவறி நினைவகம் தீர்ந்தால் லினக்ஸ் பெரும்பாலும் ஆகப் பெரிய செயலையே கொல்லும், அதாவது உங்கள் மிக முக்கியமான மெய்நிகர் கணினியை. தரவுத்தளக் கணினிக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச நினைவகத்தை ஒரே எண்ணாக வைத்துவிடுங்கள்.

பாதைகள்

சர்வருக்குள் இருக்கும் 'பிரிட்ஜ்' ஒரு மென்பொருள் சுவிட்ச். அதில் விலான் (ஒரே கம்பியில் ஓடும் தனித்தனி மெய்நிகர் நெட்வொர்க்) எண்களால் கூட்டத்தைப் பிரிக்கிறோம். எண்ணுக்கு 12 பிட், ஆகவே பயன்படுவது 1 முதல் 4094 வரை. நிர்வாகம் 10, அலுவலகம் 20, எடைப்பாலம் 30, கேமரா 40, விருந்தினர் வைஃபை 50 என்று வைத்து, முகவரியையும் அதையொட்டி 10.20.30.0/24 என்பதுபோல் கொடுத்தால் பிறகு குழப்பமில்லை. 192.168.1.0 வேண்டாம். கிராணி வீட்டு ரவுட்டரும் அதே எண்ணில் இருந்தால் விபிஎன் (வெளியிலிருந்து வரும் பாதுகாப்பான இணைப்பு) வழியே அலுவலகத்தை எட்ட முடியாது. 172.17.0.0/16ஐ டாக்கர் (செயலிகளைத் தனிப் பெட்டிகளாக ஓட்டும் மென்பொருள்) தானாகவே எடுத்துக்கொள்ளும், அதுவும் வேண்டாம். இணைய வாசலில் காவல் நிற்கும் ஃபயர்வாலையும் மெய்நிகராகப் போட்டு, டிஎம் நிறுவனத்தின் யூனிஃபை இணைய இணைப்பை நேரே அதற்குக் கொடுப்பதானால், இணையம் விலான் 500இல் வரும். அந்த எண்ணை உள்ளே வேறெதற்கும் வைக்காதீர்கள்.

ஒரே விலானில் இருக்கும் இரு மெய்நிகர் கணினிகள் ஒன்றையொன்று எட்டுகின்றன, ஆனால் வெளியே போக முடியவில்லை, டிஎச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் சேவை) தரும் முகவரிக்குப் பதில் 169.254 என்று தொடங்கும் எண் வருகிறது என்றால், சர்வரை நோண்ட வேண்டாம். அவை பேசுவது பிரிட்ஜுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது, கம்பியைத் தொடுவதே இல்லை. வெளிச் சுவிட்சின் டிரங்க் (பல விலான்களைச் சுமக்கும்) முனையில் அந்த விலானை அனுமதிக்க மறந்திருப்பார்கள்.

பிங் (எட்டுகிறதா என்று தட்டிப்பார்க்கும் கட்டளை) போகிறது, சிறிய பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் மின்விலைச்சீட்டை வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளத்துக்கு ஏற்றினால் பாதியில் நிற்கிறதா? எம்டியுவைப் (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) பாருங்கள். இணைய இணைப்பின் பிபிபிஓஇ நெறிமுறை 8 பைட் எடுத்துக்கொள்வதால் 1500 என்பது 1492 ஆகும். துண்டாக்கக் கூடாது என்ற தேர்வோடு 1464 பைட் பிங் போய், 1472 போகாவிட்டால் கோளாறு அங்கேதான். ஃபயர்வாலில் டிசிபி எம்எஸ்எஸ் (ஒரு பொட்டலத்தில் போகும் தரவின் உச்சம்) அளவை 1452 ஆக இறுக்கினால் சரியாகும்.

வார்ப்புருவிலிருந்து நகலெடுத்த உபுண்டு கணினிகள் இரண்டும் ஒரே முகவரியைப் பிடிப்பதும் உண்டு. மேக் முகவரி (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) வேறாக இருந்தும் டிஎச்சிபி ஏமாறுகிறது, ஏனென்றால் அடையாளம் 'மெஷின் ஐடி' கோப்பிலிருந்து பிறக்கிறது. நகலெடுக்கும் முன் அந்தக் கோப்பைக் காலியாக்குங்கள்.

எடைப்பாலத்தின் எடைகாட்டி பெரும்பாலும் ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் முனையில்தான் பேசும். அதை யூஎஸ்பி வழியாகச் சர்வரில் செருகி மெய்நிகர் கணினிக்குக் கொடுத்தால், அந்தக் கணினி அந்தச் சர்வரோடு கட்டுண்டுவிடும்; ஓடும்போதே இரண்டாவது சர்வருக்கு மாற்ற முடியாது. எடைகாட்டிக்குப் பக்கத்தில் சீரியலை ஈதர்நெட்டாக்கும் சிறு பெட்டி வைத்து, விலான் 30இல் விடுவதே மேல். வாசலிலிருந்து அலுவலகம் 100 மீட்டரைத் தாண்டினால் செப்புக் கம்பி எப்படியும் ஒத்துவராது. குறைவாக இருந்தாலும் ஃபைபரே போடுங்கள், நம் ஊர் இடி செப்பு வழியாகத்தான் சர்வர் அறைக்கு வரும்.

மின்சாரம் போய் வந்தபின் எழும் வரிசையையும் எழுதி வையுங்கள். ஃபயர்வால் முதலில், 60 நொடி கழித்துத் தரவுத்தளம், பிறகு எடைப்பாலம், கேமரா கடைசி. ஹைப்பர்வைசரின் நிர்வாக முகவரி டிஎச்சிபியை நம்பாமல் நிலையான எண்ணாக இருக்க வேண்டும். ஃபயர்வால் அந்தச் சர்வருக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கும்போது முகவரி கொடுக்க ஆளிருக்காது.