எந்த ஆன்டிபயாடிக்கும் கேக்காத ஈகோலிக்கு ஃபேஜ் குடுக்கலாமா?

செத்த கோழிக்குஞ்ச அறுத்துப் பாத்தா கல்லீரல் மேல வெள்ளையா ஒரு படலம் ஒட்டிக்கிட்டு இருக்கும், இதயத்த சுத்தியும் அதே மாதிரி, மூச்சுக்கு உதவுற, கண்ணாடி போல தெளிவா இருக்க வேண்டிய காத்துப்பை மங்கிப்போய் மஞ்சளா கட்டி கட்டியா கிடக்கும். ஈகோலிங்கிற பாக்டீரியா தாக்கிருக்குமோன்னு அப்பவே சந்தேகம் வந்துரும். அதுக்கப்புறம் தான் கஷ்டமே. லேப்ல எந்த மருந்துக்கு கிருமி கட்டுப்படும்னு பாக்குற சென்சிடிவிட்டி டெஸ்ட் வச்சா மருந்து வில்லைய சுத்தி கிருமி வளராம ஒரு வட்டம் விழணும், இப்பல்லாம் பல ப்ளேட்ல வில்லைய ஒட்டியே கிருமி வளந்து நிக்குது. நோயே இல்லாதப்பவும் எதுக்கும் இருக்கட்டும்னு தண்ணில ஆன்டிபயாடிக் கலந்து கலந்து குடுத்ததுக்கு இதுல பெரிய பங்கு இருக்கு, பாக்கும்போது மனசு வலிக்குது.

அதனால தான் ஃபேஜ் பத்தி பண்ணைக்காரங்க நிறைய கேக்குறாங்க. ஃபேஜ்னா பாக்டீரியாவ மட்டும் தாக்குற வைரஸ். கிருமி மேல உக்காந்து தன்னோட டிஎன்ஏவ உள்ள இறக்கி, உள்ளயே குட்டி போட்டு பெருகி, கிருமிய வெடிக்க வச்சு வெளிய வரும், சில வகைக்கு இதுக்கு அரை மணி நேரமே போதும். கோழியோட செல்லுக்குள்ள இதால பெருக முடியாது. இது ஒண்ணும் புது விஷயம் இல்லங்க, 1919லயே ஃபெலிக்ஸ் தெரேல்ங்கிற விஞ்ஞானி பிரான்ஸ்ல கோழி டைஃபாய்டுக்கு இத குடுத்துப் பாத்திருக்காரு.

ஆனா ஆன்டிபயாடிக் மாதிரி நினைச்சுட்டா ஏமாந்துருவோம். ஒரு ஃபேஜ் எல்லா ஈகோலியையும் கொல்லாது, சில ரகத்த தான் கொல்லும். உங்க ஷெட்ல எடுத்த கிருமிய ப்ளேட் பூரா பரப்பி அதுமேல ஃபேஜ ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாத்தா, அது வேலை செய்யுற ஃபேஜா இருந்தா சொட்டு விழுந்த இடம் மட்டும் கிருமி அழிஞ்சு தெளிவா தெரியும். அப்படி தெளியலன்னா அந்த பாட்டில் உங்களுக்கு வேஸ்ட், அவ்ளோ தான். கிருமி ஃபேஜுக்கும் பழகிடும்ங்கிறதால ரெண்டு மூணு வகைய சேத்து காக்டெயிலா குடுப்பாங்க. அதுலயும் கிருமிய கொல்லாம அதோட டிஎன்ஏக்குள்ளயே போய் ஒளிஞ்சுக்குற வகை இருக்கவே கூடாது, கெட்ட ஜீன ஒரு கிருமில இருந்து இன்னொண்ணுக்கு தூக்கிட்டுப் போயிரும்.

குடுக்குற வழியும் ரொம்ப முக்கியம். மூச்சுக்குழாய் வழியா வந்த ஈகோலிக்கு தண்ணில கலந்து குடுத்த ஃபேஜ் ஆராய்ச்சில கைகுடுக்கல, தசைல ஊசியா போட்டப்ப நல்லா காப்பாத்துச்சு, ஸ்பிரே அடிச்சது கிருமி ஏறின உடனே அடிச்சா தான் பலன். ஆனா ஆயிரக்கணக்கான குஞ்சுக்கு ஒவ்வொண்ணா ஊசி போடுறது நடக்குற காரியமா? குடல்ல இருக்குற சால்மோனெல்லாங்கிற இன்னொரு பாக்டீரியாவுக்கு வாய் வழியா குடுக்கலாம், ஆனா இரைப்பை அமிலத்துல நிறைய செத்துரும்ங்கிறதால மேல பூச்சு குடுத்து தயாரிக்கிறாங்க. ஃபேஜ் குடுக்குற அன்னிக்கு தண்ணில குளோரின் இருக்கவே கூடாது, அது ஃபேஜையும் கொன்னுரும்.

யாராவது ஃபேஜ் பாட்டில் கொண்டு வந்தா விலை பேசுறதுக்கு முன்னாடி உங்க ஷெட் கிருமி மேல அத டெஸ்ட் பண்ணின ரிசல்ட்ட கேளுங்க. அது கைக்கு வர்றதுக்குள்ள ஷெட்ல அம்மோனியா வாடையக் குறைக்கலாம், லிட்டர், அதாவது தரைல பரப்புற உமி மாதிரி படுக்கையோட ஈரத்த சரி பண்ணலாம், குஞ்சோட காத்துப்பைக்குள்ள ஈகோலி நுழையுறதுக்கு அதுங்களும் வழி விடுது.