இன்டர்கோர்ஸ்: 301ஆம் பிரிவில் சிரிப்பு மூட்டும் சொல்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 301ஆம் பிரிவை வகுப்பில் உரக்க வாசித்தால் மூன்றாவது சொல்லில் பின்வரிசை நமுட்டுச் சிரிப்புச் சிரிக்கும். நாடு முழுவதும் 'ட்ரேடு, காமர்ஸ், இன்டர்கோர்ஸ்' மூன்றும் தடையின்றி நடக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

லத்தீனில் 'இன்டர்' என்றால் இடையே; 'கர்ரெரே' என்றால் ஓடுதல். இரண்டு இடங்களுக்கிடையே ஓடித் திரிவதுதான் வேர்ப்பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது வணிகச் சொல்லாகவே நுழைந்தது. இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி 1496இல் பர்கண்டி கோமகனோடு செய்துகொண்ட வணிக உடன்படிக்கைக்குப் பெயரே 'இன்டர்கர்சஸ் மாக்னஸ்'. உடலுறவு என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்து சேர்ந்தது. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

இந்த மூன்று சொற்களும் நாமே கோத்தவை அல்ல. 1901இல் நடைமுறைக்கு வந்த ஆஸ்திரேலிய அரசமைப்பின் 92ஆம் பிரிவிலும் இதே வரிசையில் இருக்கின்றன. அங்கே அவை மாநிலங்களுக்கிடையே 'முற்றிலும்' தடையற்றவை. நம்மவர்கள் 'முற்றிலும்' என்பதை விட்டுவிட்டார்கள். 'இப்பகுதியின் மற்ற வகைமுறைகளுக்கு உட்பட்டு' என்று ஒரு கடிவாளத்தையும் மாட்டினார்கள். ஆனால் 'மாநிலங்களுக்கிடையே' என்பதை 'நாடு முழுவதும்' என்று விரித்ததால், ஒரே மாநிலத்துக்குள் போடப்படும் தடையும் இதில் அடங்கும்.

ட்ரேடும் காமர்ஸும் இருக்க, மூன்றாவது எதற்கு? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆஸ்திரேலியாவில் அனுமதிச் சீட்டு இல்லாமல் மாநிலம் விட்டு மாநிலம் ரயில் ஏற முடியாது. ஒரு பெண், தனக்கு நிச்சயிக்கப்பட்டவரைப் பார்க்கச் சீட்டில்லாமல் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போய் வழக்கில் சிக்கினார். 1945இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்றது. அவர் எதையும் விற்கப் போகவில்லை. அவரைக் காத்தது மூன்றாவது சொல். நம் நாட்டிலோ 301ஆம் பிரிவு பெரும்பாலும் வரி வழக்குகளிலேயே உழன்றது. 1960இல் தீர்ப்பான அத்தியாபாரி தேயிலை வழக்கு முதல், பாரபட்சமற்ற வரி இப்பிரிவுக்கு விரோதமல்ல என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக முடிவு செய்த 2016 ஜிண்டால் வழக்கு வரை அதே கதை.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொடர்பு' என்றால் தொலைபேசியும் தொடர்புதான். நகர்தல் அதில் இல்லை. 'உறவாடல்' மறுபடியும் பின்வரிசைக்கே தீனி போடும். 'போக்குவரத்து' கட்டமைப்பில் பொருத்தம்தான். ஆனால் இன்று அதைக் கேட்டதும் பஸ்ஸும் சிக்னலும் நினைவுக்கு வருகின்றன. என் வாக்கு 'போக்குவரவு' என்பதற்கே. 'அந்த வீட்டோடு எங்களுக்குப் போக்குவரவு இல்லை' என்னும்போது நடையும் உறவும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் இறைவனைப் 'போக்கும் வரவும் புணர்வும் இலாப் புண்ணியனே' என்கிறார். ஆங்கிலச் சொல் கிளம்பிய இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒரே அடியில்!

எனவே: 'வணிகமும் வாணிபமும் போக்குவரவும் தடையற்றிருக்கும்'. வணிகத்துக்கும் வாணிபத்துக்கும் என்ன வேறுபாடு என்று கேட்பவர்கள், ட்ரேடுக்கும் காமர்ஸுக்கும் என்ன வேறுபாடு என்று முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வரட்டும்.