கம்பெனிக் கணக்கில் கட்சி நன்கொடை: ஓர் ஆடிட்டர் பார்ப்பது

ஒரு கம்பெனி அனாதை இல்லத்துக்குப் பணம் கொடுக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டில் இப்படிக் கொடுக்கும் மொத்தத் தொகை, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதத்தைத் தாண்டினால், கம்பெனிகள் சட்டம் 2013-இன் பிரிவு 181 குறுக்கே வந்து நிற்கும். பொதுக்கூட்டம் கூட்டி, பங்குதாரர்களிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். அதே கம்பெனி ஓர் அரசியல் கட்சிக்குக் கொடுக்க நினைத்தால் அதற்கு அடுத்த பிரிவு, 182. அங்கே பங்குதாரர் என்ற பேச்சே கிடையாது. போர்டு கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டால் போதும்.

கம்பெனிக் கணக்குகளைத் தணிக்கை செய்வதுதான் என் தொழில். பணமும் அரசியலும் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் சூட்கேஸையும் கவரையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது சட்டப்படி, செக்கில், ரசீதோடு நடப்பது. அதை யாரும் மறைக்கவில்லை. லாப நட்டக் கணக்கில் 'இதர செலவுகள்' என்ற தலைப்பின் கீழ், தணிக்கைக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் நடுவில், ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும்.

முதலில் சின்னதிலிருந்து தொடங்குகிறேன். நடுத்தரக் கம்பெனிகளின் வவுச்சர்களைப் புரட்டும்போது அடிக்கடி கண்ணில் படுவது மாநாட்டு மலர் விளம்பரம். முழுப்பக்க வாழ்த்து. தலைவர் படம் பெரிதாக, கம்பெனி பெயர் அடியில் பொடி எழுத்தில். அந்தக் கம்பெனி தயாரிப்பதோ வார்ப்பு உதிரிபாகம். வாங்குகிறவர்கள் மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய சில பெரிய நிறுவனங்கள். அவர்களில் யாரும் அந்த மலரைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கப் போவதில்லை. ஆனாலும் லெட்ஜரில் 'விளம்பரச் செலவு' என்றுதான் ஏற்றியிருப்பார்கள்.

"இது விளம்பரக் கணக்கில் வராது" என்று சொன்னால், கணக்காளர் முகத்தைச் சுளிப்பார். சட்டம் இதில் தெளிவாகத்தான் இருக்கிறது. ஒரு கட்சிக்காக வெளியிடப்படும் மலர், கையேடு போன்றவற்றில் கொடுக்கும் விளம்பரம், பிரிவு 182-இன்படி அந்தக் கட்சிக்குக் கொடுத்த நன்கொடையாகவே கருதப்படும். வருமான வரியிலும் அதை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது. இந்த விஷயத்தில் முதலாளிகளிடம் கேட்ட பதில்களில் எனக்கு மறக்காதது ஒன்று உண்டு: "ஆடிட்டர் சார், இது எதையும் வாங்குறதுக்காகக் கொடுக்கிறதில்லை. நாளைக்கு நம்ம பேரைச் சொன்னா யாருன்னு தெரியணும், அவ்வளவுதான்."

அந்தப் பதிலில் விஷயம் முக்கால்வாசி இருக்கிறது. கொடுக்கிறவர் குறிப்பிட்ட ஓர் ஆணையையோ டெண்டரையோ விலை பேசவில்லை. தன் பெயர் தெரிந்திருக்க வேண்டும், போன் எடுக்கப்பட வேண்டும், அவ்வளவே. ஊழல் தடுப்புச் சட்டம் தேடுவது 'இதைக் கொடுத்தான், அதைப் பெற்றான்' என்ற நேர்க்கோட்டை. இங்கே அப்படி ஒரு கோடே இருக்காது. மலர் விளம்பரம் கொடுக்கும் அளவில் இது பெரிய ஆபத்தில்லை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். அளவு பெரிதாகும்போதுதான் சிக்கல்.

எவ்வளவு பெரிதாகும்? 2017 வரை அதற்கு ஒரு வேலி இருந்தது. அந்த வேலியின் கதை பழையது. 1969-இல் இந்திரா காந்தி அரசு கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதையே தடை செய்தது. பணம் நின்றுவிடவில்லை, கணக்கில் வராத பணமாக மாறியது. 1985-இல் தடையை நீக்கி, சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 2013 சட்டம் அதை 7.5 சதவீதமாக்கியது. தொடங்கி மூன்று ஆண்டு ஆகாத கம்பெனி கொடுக்கக் கூடாது. அரசுக் கம்பெனி கொடுக்கவே கூடாது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று லாப நட்டக் கணக்கில் எழுத வேண்டும்.

2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இதில் இரண்டைப் பிடுங்கிப் போட்டது. 7.5 சதவீத வரம்பு போனது. கட்சியின் பெயரை எழுத வேண்டும் என்ற கட்டாயமும் போனது. மொத்தத் தொகையை மட்டும் காட்டினால் போதும் என்றாயிற்று. கூடவே தேர்தல் பத்திரம் வந்தது. ஜனவரி 2018-இல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. பாரத ஸ்டேட் வங்கியில் வாங்கிக் கட்சியிடம் கொடுத்தால், கட்சி 15 நாட்களுக்குள் பணமாக மாற்றிக்கொள்ளும். கொடுத்தவர் பெயர் வெளியே வராது. ரிசர்வ் வங்கி முன்பே எச்சரித்திருந்தது. தேர்தல் ஆணையமும் மே 2017-இலேயே, இது வெளிப்படைத்தன்மையைப் பின்னுக்கு இழுக்கும் என்று சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரம்பு போனதன் பொருள் வெளியே இருப்பவர்களுக்கு உடனே புரிந்திருக்காது. லாபத்தில் இத்தனை சதவீதம் என்ற கணக்கு இருந்தவரை, நட்டத்தில் ஓடும் கம்பெனியால் கட்சிக்குக் கொடுக்க முடியாது. வரம்பை எடுத்ததும் நட்டக் கம்பெனியும் கொடுக்கலாம். நன்கொடை கொடுப்பதற்காகவே ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, மூன்று ஆண்டு கழித்துக் கொடுக்கலாம். ஊழியர்களுக்குச் சம்பளம் நிலுவை வைத்திருக்கும் கம்பெனி எதற்காகக் கட்சிக்குக் கொடுக்கும் என்பதை விளக்க ஆடிட்டர் தேவையில்லை.

வரிச் சலுகைக்காகத்தானே கொடுக்கிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். கட்சி நன்கொடைக்கு முழு வரிக்கழிவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் 2019-க்குப் பிறகு 22 சதவீத வரி முறையைத் தேர்ந்தெடுத்த கம்பெனிகளுக்கு அந்தக் கழிவு கிடையாது. அந்த முறைக்கு மாறிய பிறகும் கொடுக்கிற கம்பெனி வரி மிச்சத்துக்காகக் கொடுக்கவில்லை என்பது நிச்சயம்.

தேர்தல் பத்திரம் 1,000 ரூபாயில் தொடங்கி 1 கோடி வரை ஐந்து மதிப்புகளில் கிடைத்தது. சாமானியரும் தன் கட்சிக்கு வெளிப்படையான வழியில் கொடுக்கலாம் என்ற தோற்றத்துக்கு அந்த ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் உதவியது. ஜனவரி 2024 வரை விற்ற மொத்தம் சுமார் 16,518 கோடி ரூபாய். இதில் மதிப்பளவில் 90 சதவீதத்துக்கும் மேல் ஒரு கோடி ரூபாய்ப் பத்திரங்கள். ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் சும்மா ஷோகேஸுக்கு வைத்த பொருள்தான். உலகச் சமத்துவமின்மை ஆய்வகம் மார்ச் 2024-இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, இந்தியாவின் மொத்தச் சொத்தில் 40.1 சதவீதம் மேல்தட்டு 1 சதவீதத்தினரிடம் இருக்கிறது என்று மதிப்பிட்டது. 2022-23 நிலவரம் அது. சொத்து இப்படிக் குவிந்திருக்கும் நாட்டில் வரம்பில்லாத நன்கொடைக்குக் கதவைத் திறந்தால், உள்ளே வருபவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

15 பிப்ரவரி 2024 அன்று, உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தேர்தல் பத்திரத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. பத்திரத்தோடு நிற்காமல், 7.5 சதவீத வரம்பை எடுத்ததும் கட்சிப் பெயரை மறைக்க விட்டதும் அரசமைப்புக்கு விரோதம் என்றது. தொலைக்காட்சியில் பத்திரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கேட்டால் தீர்ப்பின் எடையான பகுதி வரம்பு பற்றியதுதான். தனிமனிதர் கொடுப்பதற்குக் கொள்கைப் பற்று காரணமாக இருக்கலாம், கம்பெனி கொடுப்பது பலனை எதிர்பார்த்துச் செய்யும் வியாபார நடவடிக்கை என்று நீதிமன்றம் வெளிப்படையாகவே எழுதியது. போர்டு தீர்மானங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பத்திரங்களை யார் வாங்கினார்கள், எந்தக் கட்சி பெற்றது என்ற விவரங்களைத் தர ஸ்டேட் வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது. பாரதிய ஜனதா கட்சி ஏப்ரல் 2019-க்குப் பிறகு மட்டும் பத்திரங்கள் மூலம் சுமார் 6,060 கோடி பெற்றிருந்தது. திரிணமூல், காங்கிரஸ், பாரத் ராஷ்டிர சமிதி ஆகியவை தலா ஆயிரம் கோடியைத் தாண்டியிருந்தன. பத்திரங்களை அதிகம் விலைக்கு வாங்கியது கோயம்புத்தூர் லாட்டரி நிறுவனமான ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி. தமிழ்நாட்டில் 2003-இலிருந்து லாட்டரிக்குத் தடை இருக்கிறது. அந்த நிறுவனத்திடமிருந்து 509 கோடி பெற்றதாகத் தி.மு.க. தானே தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. பத்திரமே வேண்டாம் என்று ஒதுங்கி, வழக்குக்கும் போனது மார்க்சிஸ்ட் கட்சி. மற்றபடி 'எங்கள் கட்சி சுத்தம், உங்கள் கட்சி மோசம்' என்ற பேச்சை விட்டுவிடலாம். அரசாளும் கட்சிக்கு, அது டில்லியிலோ மாநிலத்திலோ, பணம் தானாக வழி கண்டுபிடித்துப் போகிறது.

சரி, தீர்ப்போடு முடிந்ததா? பழைய வரம்பு திரும்பியது, கட்சிப் பெயரை எழுதும் கட்டாயமும் திரும்பியது. பணமோ தேர்தல் அறக்கட்டளைகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2013-இலேயே வந்த ஏற்பாடு இது. கம்பெனிகள் அறக்கட்டளையிடம் கொடுக்கும், அறக்கட்டளை அந்த ஆண்டுக்குள் குறைந்தது 95 சதவீதத்தைக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். யார் கொடுத்தார்கள், எந்தக் கட்சி பெற்றது என்ற இரண்டு பட்டியலும் வெளியாகும். பத்துக் கம்பெனி போட்டு நாலு கட்சிக்குப் போனால், எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்கு என்று கண்டுபிடிப்பது பெரும்பாலும் முடியாது. கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் அறக்கட்டளையின் பெயர் மட்டும்தான் நிற்கும். பத்திரத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

செலவுப் பக்கத்திலும் இதே ஓட்டை உண்டு. பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது. கட்சி எவ்வளவு வேண்டுமானாலும் செலவு செய்யலாம். 1974-இல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் கணக்கில்தான் சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டிலேயே சட்டத்தைத் திருத்தி அதை ஒன்றுமில்லாமல் செய்தார்கள். ஐம்பது ஆண்டுகளில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை. 2009-இல் மக்களவை உறுப்பினர்களில் கோடீசுவரர்கள் 58 சதவீதம், 2024-இல் 93 சதவீதம். அவர்களே தாக்கல் செய்த சொத்துப் பிரமாணப் பத்திரங்களிலிருந்து ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் எடுத்த கணக்கு இது.

நன்கொடையே இல்லாமலும் பணபலம் அரசுக்குள் நுழையும். அதை நான் கிட்டத்தில் பார்ப்பது வரைவு விதிகள் வரும்போது. ஓர் அமைச்சகம் வரைவை வெளியிட்டு, முப்பது நாளில் கருத்துச் சொல்லுங்கள் என்கிறது. பெரிய குழுமத்தில் அதற்கென்றே சட்டப் பிரிவு, ஆலோசகர்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் எல்லாம் இருப்பார்கள். எந்த உட்பிரிவில் எந்த வார்த்தையை மாற்ற வேண்டும் என்று தயாராக எழுதிக் கொடுப்பார்கள். சிறுதொழில் சங்கமோ தெரிந்த ஆடிட்டரிடம் வந்து, "சார், ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்கும். அவர் ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கடைசி வாரத்தில் மூழ்கிக் கிடப்பார். இதில் லஞ்சமும் இல்லை, சட்டமீறலும் இல்லை. கடைசியில் அரசிதழில் வரும் விதி யாருக்கு வசதியாக அமையும் என்பது, முதலிலேயே யாரிடம் ஆள் பலம் இருக்கிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். லாபத்தில் 2 சதவீதம் செலவு செய்தால், எந்தத் திட்டம், எந்த மாவட்டம், நேரடியாகவா வேறு அமைப்பு மூலமாகவா என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். பள்ளிக் கழிப்பறைக்குக் கேட்கும் விளக்கத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கட்சி நன்கொடைக்குச் சட்டம் கேட்பதில்லை. பிரிவு 181-இல் தர்மத்துக்கு இருக்கும் பங்குதாரர் அனுமதியை 182-க்கும் கொண்டுவருவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரே வரியில் ஒரு சட்டத் திருத்தம் போதும்.

அதுவரை, நீங்கள் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் அதன் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசம். கணக்குக் குறிப்புகளில் 'இதர செலவுகள்' அட்டவணையையும், அதன் அடியில் நட்சத்திரக் குறி போட்டுப் பொடி எழுத்தில் இருப்பதையும் பாருங்கள். பட்டியலாகாத கம்பெனி என்றால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டி அது தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கையைப் பார்க்கலாம். 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலைக் கட்சிகள் ஆண்டுதோறும் தேர்தல் ஆணையத்திடம் தர வேண்டும். அதுவும் ஆணையத்தின் தளத்தில் கிடைக்கும். ஒரு கம்பெனியின் மூன்று ஆண்டு லாபத்தைக் கூட்டி மூன்றால் வகுத்து, அதில் 7.5 சதவீதத்தை நன்கொடைத் தொகையோடு ஒட்டிப் பாருங்கள். சட்டம் லாபத்தைக் கணக்கிடும் முறையில் சில நுணுக்கங்கள் உண்டு. வரம்பு மீறல் ஏதும் தெரிகிறதா என்று பார்க்க இந்தத் தோராயம் போதும்.

உங்களிடம் ஒரு பங்கு இருந்தாலும் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. காணொளிக் கூட்டம் என்றால், பேச விரும்புகிறவர்கள் முன்கூட்டியே மின்னஞ்சலில் பதிவு செய்ய வேண்டும், கடைசித் தேதி அழைப்பிதழின் குறிப்புகளில் இருக்கும். கேள்வியை எழுத்திலும் அனுப்பி வையுங்கள். 'எந்தக் கட்சிக்கு, எந்தத் தேதியின் போர்டு தீர்மானப்படி, கம்பெனிக்கு என்ன நன்மை கருதி' என்று மூன்றையும் சேர்த்தே கேளுங்கள். முதல் இரண்டுக்கும் பதில் ஆவணத்தில் இருக்கிறது. மூன்றாவதற்கு அவர்கள் வாயால்தான் சொல்லியாக வேண்டும்.