நிலாவை உடைக்க எத்தனை ஜூல்? மாஸ்டர் ரோஷியை வைத்து ஒரு கணக்கு

'டிராகன் பால்' என்ற ஜப்பானியக் காமிக்ஸ், அனிமே தொடரின் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் டீ ஆறுவதற்குள் சண்டை வந்துவிடும். யார் யாரை அடிப்பார்கள், நாயகன் கோகு ஒரு பிரபஞ்சத்தை அழிக்கக்கூடிய 'யுனிவர்சல்' லெவலா, பல பிரபஞ்சங்களை அழிக்கக்கூடிய 'மல்டிவர்சல்' லெவலா, அந்தக் கதையின் 12 பிரபஞ்சங்களையும் ஒரே குத்தில் காலி செய்ய முடியுமா என்றெல்லாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெட்டிப் பேச்சு. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் அங்கே ஓடிக்கொண்டிருப்பது பாதிக்குப் பாதி கல்லூரி இயற்பியல், அதுவும் ஓர் எல்லை வரைக்கும் சரியான இயற்பியல். அந்த எல்லை எங்கே வருகிறது என்பதுதான் எனக்கு சுவாரசியம்.

கதாபாத்திரம் கண்ணெதிரே செய்துகாட்டிய சாதனையை ரசிகர்கள் 'ஃபீட்' என்பார்கள். அதற்கான ஆற்றலை ஜூல் என்ற அலகில் கணக்குப் போடுவது 'கால்க்'. பழைய, பிரபலமான ஃபீட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிறுவன் கோகு முழுநிலவைப் பார்த்து ராட்சதக் குரங்காகிவிடுகிறான், அவனை அடக்க வேறு வழி தெரியாமல் அவனுடைய கிழட்டு குரு மாஸ்டர் ரோஷி காமேஹாமேஹா என்ற ஆற்றல் கதிரை வானத்தில் விட்டு நிலாவையே உடைத்துவிடுகிறார்.

இதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பாறையை நொறுக்கினால் போதாது. நொறுங்கிய துண்டுகள் நிலாவின் சொந்த ஈர்ப்பாலேயே திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டையும் திரும்பி வராத தூரத்துக்குத் தூக்கி எறிய வேண்டும், அதற்கு ஆகும் மொத்தச் செலவுதான் ஈர்ப்புப் பிணைப்பு ஆற்றல். நிறையை வர்க்கப்படுத்தி, ஆரத்தால் வகுத்து, ஈர்ப்பு மாறிலியாலும் ஐந்தில் மூன்றாலும் பெருக்கினால் நிலாவுக்குக் கிடைப்பது சுமார் 1.2 × 10²⁹ ஜூல். சூரியன் எல்லாத் திசைகளிலும் கொட்டுகிற மொத்த ஆற்றலையும் ஐந்தரை நிமிடம் சேர்த்து வைத்தால் இவ்வளவு வரும். தாத்தா அதை ஒரு மூச்சில் விடுகிறார்.

இதுவரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு அடுத்த படியில் வருகிறது. 1.2 × 10²⁹ என்பது குறைந்தபட்சச் செலவு. அவ்வளவு மட்டும் செலவழித்தால் துண்டுகள் தப்பிப்பு வேகத்தை ஒட்டி, அதாவது நொடிக்கு 2.4 கிலோமீட்டர் அளவில், மெதுவாகத்தான் நகரும். பூமியிலிருந்து பார்த்தால் நிலா மாவு பொங்குகிற மாதிரி நிதானமாக உப்பும், இருமடங்கு அகலமாவதற்கே பத்து பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். திரையில் அப்படியா காட்டுவார்கள்? டமார் என்று வெடிக்க வேண்டாமா? சரி, ஒரே நொடியில் அது இருமடங்கு அகலத்துக்குச் சிதறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலாவின் ஆரம் 1,737 கிலோமீட்டர், எனவே மேற்பரப்புத் துண்டுகளின் வேகம் நொடிக்கு 1,737 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கான இயக்க ஆற்றலைக் கூட்டினால் 6.6 × 10³⁴ ஜூல் வருகிறது. முதல் விடையைப் போல ஐந்து லட்சம் மடங்கு! சூரியனுக்கு ஐந்து நிமிட வேலையாக இருந்தது இப்போது ஐந்தரை வருட வேலை. முந்நூறு பூமிகளைத் தூளாக்கிவிடலாம்.

காட்சி ஒன்று, ரோஷி ஒருவர், விடை மட்டும் இரண்டு. முதலாவதைப் பிடித்துக்கொள்பவர் 'லோ எண்ட்' கட்சி, இரண்டாவதைப் பிடித்துக்கொள்பவர் 'ஹை எண்ட்' கட்சி. இந்த ஐந்து லட்சம் மடங்கை முடிவு செய்வது ரோஷி அல்ல, அந்த வெடிப்பை எத்தனை ஃபிரேமில் முடிக்கலாம் என்று பார்த்த ஓர் அனிமேட்டர். நொடிக்கு 24 ஃபிரேம் ஓடினாலும் ஒரே படத்தை இரண்டு மூன்று ஃபிரேமுக்கு இழுப்பது அனிமேவில் சகஜம், வேலை மிச்சம். வேகத்தின் வர்க்கம் உள்ளே வருவதால் அவர் நேரத்தைப் பாதியாக்கினால் ரோஷியின் பலம் நான்கு மடங்காகிறது.

அதுதான் கதையிலேயே ஒவ்வொருவரின் பலத்துக்கும் 'பவர் லெவல்' என்று எண் கொடுத்திருக்கிறார்களே என்பீர்கள். கொடுத்திருக்கிறார்கள், அங்கேதான் கூத்தே. ராடிட்ஸ் என்ற வில்லன் பூமியில் இறங்கியதும் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு விவசாயியை, பலத்தை அளக்கும் ஸ்கௌட்டர் என்ற கருவியில் அளக்கிறான், 5 என்று காட்டுகிறது. பிறகு மாஸ்டர் ரோஷியை அளந்தால் 139. இந்த எண் ஜூலுக்கு நேர்விகிதம் என்றால் ரோஷி விவசாயியைவிட 28 மடங்குதான் பலசாலி. அப்படியானால் நிலாவை உடைக்கும் ஆற்றலில் 28-இல் ஒரு பங்கு அந்த விவசாயியிடம் இருக்க வேண்டும், லோ எண்டில் பார்த்தாலும் சூரியனின் 11 நொடி உற்பத்தி. அப்புறம் அவருக்குத் துப்பாக்கி எதற்கு?

ரோஷி அன்று முழு பலத்தையும் ஒன்றுதிரட்டினார், ஸ்கௌட்டர் காட்டியது சும்மா நிற்கும்போதைய அளவு என்று ரசிகர்கள் சமாளிப்பார்கள். நியாயம்தான், பலத்தை மறைக்கவும் ஏற்றவும் முடியும் என்று கதையே சொல்கிறது. என் கட்சி வேறு. அந்த எண் வகுப்பில் போடும் ரேங்க் மாதிரி. யார் முன்னே, யார் பின்னே என்று சொல்லும், எத்தனை மடங்கு என்று சொல்லாது. 20 டிகிரி செல்சியஸ் 10 டிகிரியைப் போல இரண்டு மடங்கு சூடு இல்லையே, அதே கதை. கோகுவின் எதிரி வெஜிட்டா கோகுவின் எண்ணைப் பார்த்து ஸ்கௌட்டரைக் கையில் நசுக்கியபோது ஜப்பானிய மூலத்தில் இருந்தது 8,000, ஆங்கில டப்பிங்கில் அது 9,000 ஆகிவிட்டது, அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஃப்ரீஸா என்ற வில்லன் 5,30,000 என்று வந்து நின்றபிறகு எண்கள் தாறுமாறாக வீங்கின, கொஞ்ச நாளில் கதையை உருவாக்கிய டோரியாமா கதைக்குள் எண் சொல்வதையே ஏறக்குறைய கைவிட்டார்.

கோள் வரைக்கும் கால்க் ஏதோ ஓடிவிடுகிறது. பிரபஞ்சம் என்று வந்தால் படுத்துவிடும். கோகுவும் அழிவின் கடவுளான பீரஸும் மோதும்போது பிரபஞ்சமே அழிந்துவிடும் என்று கதையில் அலறுவார்கள். உடனே ஒருவர், பார்க்கக்கூடிய பிரபஞ்சத்தின் சாதாரணப் பொருளை எல்லாம் ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் போட்டு 10⁷⁰ ஜூல் என்று விடை கொண்டுவருவார். ஆனால் அந்த ஆற்றல் எதைச் செய்ய? நிலாவில் துண்டுகளைப் பிரிக்கச் செலவு இருந்தது, ஏனென்றால் அவை ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்தன. தொலைதூர விண்மீன் மண்டலங்கள் அப்படிக் கட்டுண்டு இல்லை, ஏற்கெனவே விலகி ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஓட்டம் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்று 1998-இல் தெரியவந்தது. பிரித்துப்போட கோகு தேவையில்லை. விரிகிற வெளியில் மொத்த ஆற்றல் இவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொல்லும் பொதுவான வழியே பொதுச் சார்பியலில் கிடையாது. 'யுனிவர்சல் லெவல்' என்று சொல்லலாம், ஜூலில் எழுத முடியாது.

மல்டிவர்ஸ் இன்னும் மோசம். 1957-இல் ஹ்யூ எவரெட் சொன்ன பல உலகங்கள் பக்கத்து ஊர்கள் அல்ல, ஒரே குவாண்டம் நிலையின் கிளைகள். போய்ச் சேர வழி கிடையாது, குத்துவதற்கு இடமும் கிடையாது. பிரபஞ்சம் தொடக்கத்தில் அதிவேகமாக விரிந்தது என்னும் பெருவீக்கக் கோட்பாட்டில் வரும் குமிழிப் பிரபஞ்சங்களுக்கு இடையிலோ வெளி அவ்வளவு வேகமாக விரிகிறது, பொதுவாக ஒளியாலேயே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேர முடியாது. டிராகன் பாலின் 12 பிரபஞ்சங்கள் இந்த இரண்டு ரகமும் இல்லை. அங்கே ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள், போட்டி நடத்துகிறார்கள். முன்பு 18 இருந்ததாம், எல்லோருக்கும் மேலான கடவுள் ஸெனோ கோபத்தில் ஆறை அழித்துவிட்டாராம். அது மல்டிவர்ஸ் இல்லை, 12 தெரு உள்ள ஊர்.

கடைசி ஆயுதம் 'பரிமாணம்'. ஐந்தாம் பரிமாணத்து ஆள் நான்காம் பரிமாணத்து ஆளைவிட முடிவிலி மடங்கு பலசாலி என்பார்கள். 1926-இல் இயற்பியலாளர் ஆஸ்கர் க்ளைன் விவரித்த கூடுதல் பரிமாணம் அணுவைவிடப் பல கோடி மடங்கு சின்னதாகச் சுருண்டு கிடப்பது. கூடுதல் என்றால் பெரிது என்று யார் சொன்னது? இதில் மொழிச் சிக்கல் வேறு. ஜப்பானியத்தில் 'ஜிகென்' என்றால் பரிமாணம்தான், ஆனால் "ஜிகென் வேறு" என்று அன்றாடப் பேச்சில் சொன்னால் நாம் "அவன் லெவலே வேற" என்கிறோமே, அதுதான். வில்லன் விட்ட பஞ்ச் டயலாக்கை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டு ஒருவர் வடிவியல் ஆதாரம் என்று தூக்கிக்கொண்டு வருவார்.

நான் மறுபடி நிலாவுக்கே போகிறேன். ரோஷி உடைத்த நிலாவைப் பிறகு பூமியின் காவல் தெய்வமான காமி சரிசெய்துவிடுகிறார், கதையில் அதற்கு ஒரு வரிதான். சிதறிய பாறைகளைத் திரும்பச் சேர்த்துத்தான் அதைச் செய்தார் என்றால், அவை ஒன்றின்மேல் ஒன்று விழும்போது அதே 1.2 × 10²⁹ ஜூலும் வெப்பமாக வெளிவர வேண்டும். கிலோவுக்கு ஏறக்குறைய 17 லட்சம் ஜூல், பாறை உருகத் தேவையான அளவை ஒட்டி வருகிறது. வானத்தில் வெள்ளை நிலா அல்ல, சிவந்த குழம்பு உருண்டை தொங்கியிருக்க வேண்டும். நம் நிலாவும் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் மாக்மாக் கடலாகத் தொடங்கியது. காமியின் நிலாவோ குளிர்ச்சியாக, வெள்ளையாக, பழைய இடத்திலேயே நிற்கிறது. அவ்வளவு சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்? இதை வைத்து காமிக்கு ஒரு லெவல் போட்ட ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.