உறிஞ்சு திறனா, அறிவுகொள் திறனா?

நிறுவனங்கள் கூட்டுச் சேர்ந்து கற்பதைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ‘உறிஞ்சு திறன்’ என்ற சொல் மறுபடி மறுபடி தலைகாட்டுகிறது. ‘அப்சார்ப்டிவ் கெபாசிட்டி’க்கு இதுதான் தமிழாம். உழைப்பை உறிஞ்சுவதற்கு நாம் வைத்திருக்கும் வசைச்சொல்லைக் கற்றலின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன்; ‘அப்சார்பேரே’ என்றால் உறிஞ்சி விழுங்குதல். இந்தச் சொல்லை மேலாண்மை ஆய்வில் பரப்பிய வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் இருவரின் 1990ஆம் ஆண்டுக் கட்டுரை தந்த பொருள் வேறு: வெளியிலுள்ள புது அறிவின் மதிப்பைக் கண்டுகொண்டு, அதைத் தன்வயமாக்கி, வணிகத்துக்குப் பயன்படுத்தும் திறன்.

வேரின்படி உறிஞ்சுதல் சரிதானே என்பார்கள். பஞ்சு எதையும் அறியாமலே நீரை இழுக்கும். நிறுவனமோ முன்பே ஓரளவு அறிந்த துறையில்தான் மேலும் அறிய முடியும். அவ்விருவர் வாதத்தின் உயிரே அதுதான். எந்த ஆய்வு மருந்தாகத் தேறும் என்று முன்கூட்டித் தெரியாத உயிரித் தொழில்நுட்பத்தில், நிறுவனங்கள் பல்கலைக்கழகங்களோடும் மருந்து நிறுவனங்களோடும் வலைப்பின்னலாகக் கூட்டுச் சேர்கின்றன. அதற்காகச் சொந்த ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டால் கூட்டாளி சொல்வதே விளங்காது.

1984இல் கலிபோர்னியாவின் ஃபிரீமான்ட்டில் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் ஓர் ஆலையைக் கூட்டாக நடத்தத் தொடங்கின. குறை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம். அந்தக் கயிறு ஜெனரல் மோட்டார்ஸின் கண்ணெதிரே தொங்கியது. அதன் பின்னிருந்த முறை அந்நிறுவனத்தின் மற்ற ஆலைகளுக்குப் போய்ச்சேரப் பல ஆண்டுகள் ஆயின. உறிஞ்சுகிற காரியத்துக்கா இவ்வளவு தாமதம்?

‘உள்வாங்கு திறன்’ என்போரும் உண்டு. கடல் உள்வாங்கியது என்றால் கரையை விட்டுப் பின்வாங்கியது என்று பொருள். ‘ஏற்புத் திறன்’ இன்னும் மோசம்; தீர்மானத்தைக்கூட ஏற்கலாம், அதில் கற்க என்ன இருக்கிறது?

நம்மிடம் ‘கொள்’ இருக்கிறது. கற்றுக்கொள், புரிந்துகொள், அறிந்துகொள் எல்லாவற்றிலும் அதுதான். நன்னூல் மாணவனைக் ‘கொள்வோன்’ என்றும், அவன் பாடம் கேட்கும் முறையைக் ‘கோடல் மரபு’ என்றும் சொல்கிறது. வெறுமனே ‘கொள்திறன்’ என்றால் குடத்தின் கொள்ளளவோடு குழம்பும். ஆகவே ‘அறிவுகொள் திறன்’.

அகராதியின் முதல் பொருளோடு பேனாவை மூடிவிடுகிறவர்கள்தான் ‘ஸ்ட்ராட்டஜிக் அலையன்ஸு’க்கு ‘மூலோபாயக் கூட்டணி’யையும் நம் தலையில் கட்டியவர்கள். கூட்டணி என்றதும் தொகுதிப் பங்கீடுதான் நினைவுக்கு வருகிறது. ‘உத்திக் கூட்டு’ என்றால் என்ன குறைந்துவிடும்? உத்தியும் வடமொழி ‘யுக்தி’தான் என்று சண்டைக்கு வருவோர் வரட்டும், அது தொல்காப்பியத்திலேயே குடியேறிவிட்ட சொல்.