சிக்குறது பாட்டுங்க, உங்க பிளேயர் இல்ல

ஆம்ப், ஸ்பீக்கர், சிடி பிளேயர், டர்ன்டேபிள்னு ஆடியோ சர்வீஸ்தான் நம்ம பொழப்பு. போன வாரம் ஒரு தம்பி சிடி பிளேயரைத் தூக்கிட்டு வந்து "அண்ணே, ஒரே எடத்துல சிக்கிக்குது"ன்னாரு. எந்த டிஸ்க்குன்னு கேட்டா டேம் இம்பாலாங்கற ஆஸ்திரேலிய பேண்டோட கரன்ட்ஸ் ஆல்பம், முதல் பாட்டு லெட் இட் ஹேப்பன். கேட்டதுமே தலையில கை வச்சுட்டேன், இதே பாட்டுக்கு எத்தனை பேருக்குத்தான் சொல்றது! அதுலயும் இவரு ஒரு படி மேல போயி, மூடியைக் கழட்டி லென்ஸை சானிடைசர் தொட்ட துணியால தேய்ச்சுட்டு வந்திருக்காரு. நல்லா ஓடிட்டிருந்த பிளேயர், இப்ப எந்த டிஸ்க்கையும் படிக்க மாட்டேங்குது.

அந்தப் பாட்டு கிட்டத்தட்ட 8 நிமிஷம். பாதி வழியில ஒரு குட்டித் துண்டு மட்டும் கீறல் விழுந்த சிடி மாதிரி திரும்பத் திரும்ப ஓடும். வேணும்னே வச்சதுங்க அது, ரெக்கார்டிங்லயே இருக்கு. டிஸ்ப்ளேல நேரம் ஓடுதான்னு பாருங்க, ஓடுனா மெஷின் சிக்கல. அந்த லூப்பு மேலயே கொஞ்ச நேரத்துல ஸ்ட்ரிங்ஸ் சத்தம் கெளம்பி வருது பாருங்க, மெஷின் நெஜமாவே சிக்கியிருந்தா புதுசா ஒரு சத்தம் எங்கேர்ந்து வரும்? அப்பவும் நம்பிக்கை இல்லன்னா போன்ல போட்டுக் கேளுங்க, அதே எடத்துல அப்படியேதான் சிக்கும், போனுக்குள்ள என்ன சிடியா சுத்துது? இதே ஆல்பத்துல பாஸ்ட் லைஃப்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு குரல் வேகத்தைக் கொறைச்ச மாதிரி கட்டையா பேசும். அதுக்காக டர்ன்டேபிள் பெல்ட்டை மாத்தச் சொன்னவங்களும் உண்டு.

அடுத்த குரூப்பு இன்னும் மோசம். "முந்தின ஆல்பம் லோனரிசம்ல கிட்டார் கிழிச்சுதே, இதுல காணோம், ட்வீட்டர் (கீச்சு சத்தம் தர்ற சின்ன ஸ்பீக்கர்) போயிடுச்சா?" ஐயா, ட்வீட்டர் போகல, கிட்டார்தான் போயிடுச்சு! 2012-ல லோனரிசம், எலிஃபன்ட் பாட்டுல வர்ற அந்த கரகரன்னு கிழிக்கிற ஃபஸ் கிட்டார் எல்லாம் அதுல. 2015-ல கரன்ட்ஸ் வந்தப்ப பேண்டோட தலை கெவின் பார்க்கர் மனுஷன் சின்த் கீபோர்டு, டிஸ்கோ, ஆர் அண்ட் பின்னு வேற பக்கம் போயிட்டாரு. பேருக்குத்தான் பேண்டு, மேடையில அஞ்சாறு பேரு நிப்பாங்க, ரெக்கார்டிங்னா பெரும்பாலும் அவரு ஒருத்தர்தான். மேற்கு ஆஸ்திரேலியாவுல ஃப்ரீமேன்டில் வீட்டு ஸ்டுடியோவுல உக்காந்து பண்ணது. முந்தின ரெண்டு ஆல்பத்தையும் மிக்ஸ் பண்ணது டேவ் ஃப்ரிட்மன், இதை பார்க்கரே மிக்ஸ் பண்ணிக்கிட்டாரு. எங்க ஆளுங்களுக்குத் தெரியும், மிக்ஸ் பண்ற கை மாறினா டிரம்ஸ் உக்கார்ற எடமே மாறிடும். அந்த வருஷம் ஆஸ்திரேலியாவோட ஆரியா விருதுல சிறந்த ஆல்பமும் இதுதான். புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க, அது உங்க இஷ்டம், பழி ஏன் ஸ்பீக்கர் மேல?

பழைய சவுண்டைக் கொண்டு வரேன்னு ஈக்வலைசர்ல பாஸ், ட்ரெபிள்னு ரெண்டு ஓரத்தையும் மேல ஏத்தி, ஆம்பை முழுசா திருகுறாங்க. ரெக்கார்டிங்ல இல்லாத கிட்டார் எப்படி வரும், ஆம்ப் தாங்காம கிளிப்தான் ஆகும், அதாவது சத்தம் ஒடைஞ்சு வரும். அப்படி ஓட்டுன ஒருத்தரோட ஊஃபரை (பாஸ் தர்ற பெரிய ஸ்பீக்கர்) பிரிச்சேன், காயில் கன்னங்கரேல்னு, வார்னிஷ் கருகின நாத்தம் கடை பூரா. கோனை விரலால அழுத்துனா சரக் சரக்குனு ஒரசுது.

அதனால சொல்றேன், ஈக்வலைசரை முதல்ல நடுவுல வைங்க. சந்தேகம்னா வேற பாட்டு, வேற ஸ்பீக்கர், அதுக்கப்புறம் கடை. சத்தம் ஒடைஞ்சு வந்தா அந்த நிமிஷமே வால்யூமைக் கொறைங்க. மூடியைத் தொடாதீங்க, லென்ஸைத் தொடவே தொடாதீங்க. ஹெட்போன்காரங்க கோவிச்சுக்காதீங்க, உலக சுகாதார நிறுவனக் கணக்குல 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம், 90 ஆச்சுன்னா வெறும் 4 மணி நேரம்தான். ஊஃபருக்கு வேற காயில் சுத்தித் தருவேன், காதுக்கு நான் என்ன பண்ண முடியும், கொஞ்சம் பாத்துக்கோங்கப்பா.

அந்தத் தம்பியோட பிளேயர் பழைய மாடல், லென்ஸ் யூனிட் தேடிட்டு இருக்கேன். அதுவரைக்கும் போன்ல கேளுங்கன்னு அனுப்பி வச்சேன். ராத்திரி பத்து மணிக்கு கால் வருது, "அண்ணே, போன்லயும் சிக்குதுண்ணே".