முதியவர்களுக்கு இதய அறுவை: ஐந்தாம் ஆண்டைப் பற்றியும் கேளுங்கள்

ஒப்புதல் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "டாக்டர், அப்பா உயிருக்கு ஒன்றும் ஆகாதே?" கேட்க வேண்டிய கேள்வி. வயது, சிறுநீரகம், சர்க்கரை, இதயத்தின் பம்ப் பண்ணும் திறன் எல்லாவற்றையும் பார்த்து ஒரு கணக்குச் சொல்லிவிடுவேன். ஆனால் அந்தக் கணக்கு ஆபரேஷன் முடிந்த முதல் 30 நாட்களுக்கானது. அதற்குப் பிறகு அவர் பல ஆண்டுகள் வாழப் போகிறவர். அந்த ஆண்டுகளில் தானாக எழுந்து குளிப்பாரா, படி ஏறுவாரா, தெளிவாகப் பேசுவாரா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்தக் கேள்வியை நீங்களே கேட்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடுகிறேன். "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்" என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு, மகாதமனி வால்வு (இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) கடுமையாகச் சுருங்கிய ஒருவரை மாத்திரையோடு வீட்டில் வைத்திருப்பதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு. மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயங்கி விழுதல் ஆகியவற்றில் ஒன்று தலைகாட்டிவிட்டால் காலம் வேகமாக ஓடுகிறது. நெஞ்சைத் திறந்து அறுவை செய்யத் தாங்கமாட்டார்கள் என்று ஒதுக்கப்பட்ட முதியவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு இருந்தவர்களில் பாதிப்பேர் ஓராண்டுக்குள் இறந்துபோனார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு பொருத்தப்பட்டவர்களில் அது பத்துக்கு மூன்று. டாவி என்று நாங்கள் சொல்லும் இந்த முறையை 2002-இல் பிரான்சில் அலன் கிரிபியே முதன்முதலில் ஒரு நோயாளிக்குச் செய்தார். இன்று முதியவர்கள் பலருக்கு அதுவே முதல் தேர்வு.

அறுவை செய்துகொண்டவர்கள் எவ்வளவு காலம் இருக்கிறார்கள்? ஸ்வீடன் நாட்டுப் பதிவேட்டை வைத்து 2019-இல் வந்த ஆய்வில், மகாதமனி வால்வு மாற்றிக்கொண்ட 80 வயதைத் தாண்டியவர்களின் ஆயுளுக்கும் அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்கும் இருந்த இடைவெளி அரை ஆண்டுக்கும் குறைவு. 50 வயதுக்குக் கீழே இருந்தவர்களிடம் அது நான்கு ஆண்டுகளுக்கு மேல். வயது மட்டுமே எதிரி என்றால் இந்தக் கணக்கு தலைகீழாக இருந்திருக்கும். அறுவைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 80 வயதுக்காரர் பொதுவாகவே திடமானவர் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்தத் திடத்தை எதை வைத்து அளப்பது? இதை நான் கற்றுக்கொண்ட விதம் இன்றும் மனதில் கனக்கிறது. தொடக்க காலத்தில் 76 வயதுப் பெரியவர் ஒருவருக்கு பைபாஸும் வால்வும் சேர்த்துச் செய்தோம். எக்கோ, ஆஞ்சியோ, சிறுநீரக அளவு எல்லாம் பார்த்தேன். அறுவை பழுதில்லாமல் முடிந்தது. ஆறு மாதம் கழித்து சக்கர நாற்காலியில் வந்தார். வால்வு அருமையாக வேலை செய்தது, பம்ப் திறன் கூடியிருந்தது, ஆனால் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. மகள் சொன்னார்: "ஆபரேஷனுக்கு முன்னாடியே அப்பா நாற்காலியில கையை ஊன்றித்தான் எழுந்திருப்பாரு டாக்டர்." அதை நான் பார்க்கவே இல்லை. என் அறைக்கு வந்த ஒவ்வொரு முறையும் அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முதியவரையும் தாழ்வாரத்தில் 5 மீட்டர் நடக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்க்கிறேன். 70 வயதைத் தாண்டி இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் நடந்த ஆய்வில், இந்தத் தூரத்தைக் கடக்க 6 நொடியோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மரணமோ பெரிய சிக்கலோ வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்காக இருந்தது. மெதுவாக நடக்கிறார் என்பதற்காக அறுவையை மறுத்துவிட வேண்டாம். அவசரம் இல்லாத நிலையில் சில வாரங்கள் அவகாசம் எடுத்துக்கொண்டு, ரத்தசோகையைச் சரிசெய்து, புரதம் கூட்டி, மூச்சுப் பயிற்சி கொடுத்து, இதயம் தாங்கும் அளவுக்கு நடக்கவைத்து உடம்பைத் தயார்படுத்தலாம். பற்களையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். சொத்தைப்பல்லோடு புது வால்வு வைப்பது ஆபத்து.

அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களைப் பற்றிக் குடும்பங்களுக்கு யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. இரண்டாம் நாள் இரவு அம்மா குழாய்களைப் பிடுங்குவார், மகளைத் தன் தங்கையின் பெயர் சொல்லி அழைப்பார், சுவரில் ஆள் நிற்கிறது என்பார். பெற்ற பிள்ளைகள் நடுங்கிப்போகிறார்கள். முதியவர்களிடம் அடிக்கடி வரும் மனக்குழப்பம் இது. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனால் சிலருக்கு நினைவாற்றல் பழைய நிலைக்குத் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். மூக்குக் கண்ணாடி, காது மெஷின் இரண்டையும் ஐ.சி.யூ.வுக்குக் கொடுத்துவிடுங்கள். பழகிய குரல் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். இரவில் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இதயத்துடிப்பு தாறுமாறாகும். பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனாலும் சிலருக்குப் பல மாதங்கள் கழித்து திரும்ப வரலாம். பக்கவாதத்துக்கு அது ஒரு கதவு என்பதால், டிஸ்சார்ஜ் தாளில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது அன்பினால் வரும் ஆபத்து. "பெரிய ஆபரேஷன் பண்ணின உடம்பு, படுத்தே இருக்கட்டும்" என்று வீட்டில் கட்டிலிலேயே எல்லாம் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆரோக்கியமான முதியவர்களே 10 நாள் படுக்கையில் இருந்தால் கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்துவிடுகிறது என்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. மார்பெலும்பு சேர இரண்டு, மூன்று மாதம் ஆகும், அதுவரை கனம் தூக்கக்கூடாது. ஆனால் நடக்கலாம், நடக்க வேண்டும். இதய மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்கும் இடத்தில் இருந்தால் ஒரு வகுப்பையும் விடாதீர்கள்.

பைபாஸ் பற்றி எல்லோரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது ஒன்று உண்டு. அடைப்பை நாங்கள் எடுப்பதில்லை. அது அங்கேயேதான் இருக்கிறது. அதைத் தாண்டி ரத்தம் போக வேறு பாதை போடுகிறோம், அவ்வளவுதான். அந்தப் பாதை எவ்வளவு நாள் திறந்திருக்கும் என்பது எதைக் கொண்டு போட்டோம் என்பதைப் பொறுத்தது. இடது உள்மார்புத் தமனியை இதயத்தின் முன்பக்கக் குழாயோடு இணைத்தால், 10 ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் (வீட்டில் 'நரம்பு' என்பார்கள்) அதே 10 ஆண்டில் ஏறக்குறைய பாதி அடைபட்டுப்போகும். ஆகவே எத்தனை பைபாஸ் என்று எண்ணுவதோடு நிற்காமல், மார்புத் தமனி வைத்தார்களா என்றும் கேளுங்கள்.

72 வயதில் மூன்று பைபாஸ் செய்துகொண்ட ஒருவர் மூன்று ஆண்டு கழித்து நெஞ்சு வலியோடு வந்தார். "நல்லாத்தானே இருக்கேன்னு போன வருஷம் மாத்திரையை நிறுத்திட்டேன்" என்றார். ஆஞ்சியோவில் மார்புத் தமனி திறந்திருந்தது. கால் சிரைகள் இரண்டும் அடைபட்டிருந்தன. மாத்திரைதான் அவரை நன்றாக வைத்திருந்தது என்று யாரும் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை. எங்கள் குழுவும் அதற்குப் பொறுப்பு. ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் இரண்டையும், மருத்துவர் மாற்றினால் ஒழிய, கடைசிவரை விடக்கூடாது.

வால்வில் 65 வயதுக்கு மேல் பொதுவாகத் திசு வால்வையே (விலங்குத் திசுவால் செய்தது) வைக்கிறோம். 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும், முதியவர்களிடம் இன்னும் மெதுவாகத்தான் தேயும். உலோக வால்வு தேயாது, ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுள் முழுக்க வேண்டும். தடுமாறி விழக்கூடிய வயதில் அது சிக்கல். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவை விடாமல் பார்க்க வேண்டும், மூட்டுவலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்கக்கூடாது. அடிக்கடி ரத்தம் பார்க்கத் தேவையில்லாத புதிய உறைவுத்தடுப்பு மாத்திரைகள் உலோக வால்வுக்கு ஆகாது. எந்த வால்வாக இருந்தாலும், பல்லில் கைவைப்பதற்கு முன் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஆன்டிபயாடிக் தேவைப்படும். காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், ரத்தத்தில் கிருமிப் பரிசோதனைக்கு எடுப்பதற்கு முன் ஆன்டிபயாடிக் போடாதீர்கள். போட்டுவிட்டால் வால்வில் தொற்று இருந்தாலும் கிருமி மறைந்துகொள்ளும், கண்டுபிடிக்க வாரங்கள் வீணாகும்.

இவ்வளவும் பேசி முடித்த பிறகு பிள்ளைகளைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நோயாளியிடம் கேட்பேன்: "இதெல்லாம் முடிஞ்சப்புறம் நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" 84 வயது ஐயா ஒருவர், இருக்கிற நாட்களை ஆஸ்பத்திரியில் கழிக்க விருப்பமில்லை என்று தெளிவாகச் சொன்னார். அவர் மகனையும் உட்காரவைத்துப் பேசி, அறுவை இல்லாமல் மூச்சுத்திணறலைக் குறைக்கும் மருந்துகளோடு பார்த்துக்கொண்டோம். பதினான்கு மாதங்கள் தன் அறையில், தன் கட்டிலில் இருந்தார்.

81 வயது அம்மா ஒருவர், மாடித் தொட்டிகளுக்குத் தானே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். ஓராண்டாக அவர் மாடி ஏறவில்லை. டாவி செய்தோம். நான்கு ஆண்டு ஆகிறது. போன மாதம் பரிசோதனைக்கு வந்தபோது எக்கோவைப் பற்றி நான் பேசத் தொடங்குவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "பதினாறு படி டாக்டர். நடுவுல ஒரு தடவை நிப்பேன்."